இன்மை அறிக்கை

மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர்.
காலாண்டு முடிந்து முப்பது நாளுக்குள்
வேலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தாள் போய்ச் சேர வேண்டும்.
ஏழு வருஷமாய் நான்தான் நிரப்புகிறேன்.
ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை,
காலியிடங்கள்: இன்மை.
அந்தச் சொல்லை அடிக்கும்போதெல்லாம்
எங்கள் ரெமிங்டனில்
புள்ளி மட்டும் சற்றுத் தள்ளி விழும்.

பேரணாம்பட்டில் காலியிடத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.
ஒருவன் எழுந்த சூடு ஆறுமுன்
இன்னொருவன் நிற்பான்:
யாருடைய மாமன் மகனோ,
ஆம்பூர் தோல்ஷாப்பில் சண்டை போட்டு வந்தவனோ.
சட்டத்திலும் சந்து இருக்கிறது.
மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலையைச் சொல்ல வேண்டியதில்லை.
ஆகவே எங்களிடம் இருப்பவை எண்பத்தொன்பது நாள் வேலைகள்.
ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டு
மறுபடி எண்பத்தொன்பது.
சம்பங்கி அண்ணனுக்கு இப்படியே ஒன்பது வருஷம்.

ஜூலையில், ஈரத்தோலை உள்ளே விடும்போது,
ஷேவிங் மிஷின் அவர் வலக்கையில்
இரண்டு விரலை எடுத்துக்கொண்டது.
வேலூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.
இங்கே கணக்கு முடித்தார்கள்.

அந்த வாரம் பார்த்து ஆய்வுக்கு ஒருவர் வந்தார்.
டீ குடித்தார். பதிவேட்டைப் புரட்டினார்.
"நூத்திநாற்பது பேர் வேலை செய்யற இடத்துல
ஏழு வருஷமா ஒருத்தர்கூட விலகலையா?"
மேனேஜர் என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவர் ஜீப் கிளம்பியதும் மேனேஜர் சொன்னார்:
"ஒண்ணே ஒண்ணு போட்டுடும்மா.
அறிவிக்கணும்னுதான் சட்டம்.
அவங்க அனுப்பற ஆளைத்தான் எடுக்கணும்னு இல்ல."
உண்மைதான். அந்தப் பிரிவை நானும் படித்திருக்கிறேன்.
மேஸ்திரியின் கொழுந்தன் திங்கட்கிழமையே மிஷினில் நின்றுவிட்டான்.

அடித்தேன்.
பதவி, ஷேவிங் மிஷின் ஆபரேட்டர். இடம், ஒன்று.
அனுபவம் ஐந்து ஆண்டு.
இடம் எப்படிக் காலியானது என்று கேட்க
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்ட முத்திரையோடு
பதினோரு பெயர் வந்தது, பதிவு மூப்பு வரிசையில்.
குடியாத்தத்தார் இருவர், மேல்பட்டிக்காரர் ஒருவர்,
நான்காவது,
வ. சம்பங்கி, பதிவு ஆண்டு 1981.
மூன்று வருஷத்துக்கு ஒருமுறை
தவறாமல் புதுப்பித்திருக்கிறார்.
அனுபவச் சான்றின் நகலும் இருந்தது.
இதே ரெமிங்டன்.
புள்ளி தள்ளி விழுந்திருந்தது.

நேர்முகத் தேர்வன்று பத்துப் பேர் வரவில்லை.
அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.
அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை,
வலக்கை பேண்ட் பையில்.
வாட்ச்மேன் பழைய பழக்கத்தில்
ஷாப்புக் கதவைத் திறந்துவிட,
அவர் தலையாட்டிவிட்டு ஆபீஸ் படியேறினார்.

"அண்ணே, இந்த இடம்..." என்று தொடங்கினேன்.
"தெரியும்மா.
அவன் ஓட்டறது ரோட்லயே கேக்குது.
தோலை அவசரமா உள்ள விடறான்,
ரோலர் மூச்சு வாங்குது பாருங்க.
மெதுவா விடச் சொல்லுங்க அவன்கிட்ட."

பிறகு அழைப்புக் கடிதத்தை இடக்கையால் நீட்டினார்.
"வந்தேன்னு ஒரு சீல் வெச்சுக் குடுங்க.
வரலேன்னு எழுதிட்டா
மூப்பு போயிடும்."

சீல் வைத்தேன்.
தேதியை இரண்டு முறை சரிபார்த்தேன்.

செப்டம்பர் தாள் உருளையில் சுற்றியிருந்தது.
அறிவித்தவை: ஒன்று.
அலுவலகம் வழியே நிரப்பியவை என்ற கட்டத்தில்
விரலை வைத்தபடி சற்று நேரம் இருந்தேன்.
சுவருக்கு அந்தப்பக்கம் மிஷின் திணறி, மறுபடி ஓடியது.

எழுந்தேன்.
ஏழு வருஷத்தில் முதல்முறையாக
சுண்ணாம்புத் தொட்டிகளைத் தாண்டி,
புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஷேவிங் கொட்டகைக்கு நடந்தேன்.
சொன்னேன்.
இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை.
இன்னும் பக்கத்தில் போய்
மறுபடி சொன்னேன்.